தேர் போன தெருவைக் கூட்டுவது எப்படி? – வாசகர் கேள்வி, பதில்

ஆடி பிறக்கப் போகிறது. திருவிழா நாட்களில் தெருவையும் கோயில் சுற்றையும் சுத்தமாக வைப்பதில் என்ன சிக்கல் என்று கேட்டிருந்தோம். பழைய வடஆற்காட்டின் நாலு மூலையிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் தெரு பொன்னியம்மன் கோயிலில் ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் வார்ப்போம். 600 பேர் வருவார்கள். பிளாஸ்டிக் டம்ளருக்குத் தடை என்பதால் பேப்பர் கப் வாங்குகிறோம். ஆனாலும் மறுநாள் சாக்கடை அடைத்துக்கொள்கிறது, ஒரு வாரம் நாற்றம். எங்கே தப்பு?
– வாசகி, காட்பாடி

முதல் தப்பு கப்பில்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் ஒன்று. பெயரில் பேப்பர் இருப்பதால் அது தடையில் வராது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கப்பைக் கிழித்து வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டுப் பாருங்கள். காகிதம் ஊறி நைந்துபோகும், உள்பக்கத்திலிருந்து பாம்புச் சட்டை மாதிரி மெல்லிய தோல் ஒன்று உரிந்து வரும். உங்கள் சாக்கடையில் கிடப்பது அந்தத் தோல்தான். பந்தியில் போடும் பச்சை நிறப் ‘பேப்பர் வாழையிலை’யும் இதே ரகம். வாங்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, கூழ். கேழ்வரகுக் கூழ் தண்ணீரோடு ஓடிப்போகாது, படியும். படிந்த இடத்தில் பசையாகும். அதன்மேல் கப்புத் தோல் ஒட்டும், வெங்காயச் சருகு ஒட்டும், முருங்கைக் காம்பும் கருவாட்டு முள்ளும் சேரும். தெருவைக் கடக்கும் குழாயின் வாய்க்குப் போவதற்குள் அது கெட்டியான ஓர் அடைப்பாகிவிடும்.

எவர்சில்வர் டம்ளருக்கு மாறுங்கள். பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் 300 மில்லி டம்ளர் கிடைக்கும். 600 பேருக்கு 600 டம்ளர் வேண்டியதில்லை. கூழ் வார்ப்பது ஒன்றரை மணி நேரம் நடக்கிறது என்றால் நிமிடத்துக்கு ஆறேழு பேர். ஒருவர் வாங்கிக் குடித்து, அந்த டம்ளர் கழுவப்பட்டு மறுபடி அண்டா பக்கம் வர 15 நிமிடம் ஆகும். ஆக ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருப்பது சுமார் 100 டம்ளர். படையல் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரேயடியாக வரும் என்பதால் இரட்டிப்பாக 200 எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குக் கால் லிட்டர் என்று 150 லிட்டர் கூழ். தூக்கில் வாங்கிப் போகிறவர்களுக்குத் தனியாக இன்னொரு அண்டா. தூக்கு, சொம்பு கொண்டு வரச் சொல்லி முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் டம்ளர் வரிசையும் குறையும்.

கழுவ நாலு பேர், நாலு டப். முதல் டப்பில் வெறும் தண்ணீர். குடித்த கையோடு டம்ளரை இதில் போட வேண்டும். வெயிலில் பத்து நிமிடம் விட்டால் கேழ்வரகு ஓடு மாதிரி பிடித்துக்கொள்ளும், தேய்க்கிறவர் கை போய்விடும். இரண்டாவதில் சோப்புத் தண்ணீர், மூன்றாவதில் நல்ல தண்ணீர். நாலாவதில் 100 லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர். பவுடரை நேரே டப்பில் கொட்டாமல் ஒரு சொம்பில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். டம்ளர் இரண்டு நிமிடம் அதில் கிடந்தால் போதும். எடுத்து மூங்கில் தட்டியில் கவிழ்த்து வையுங்கள். துணியால் துடைக்க வேண்டாம். நூறாவது டம்ளரைத் துடைக்கும்போது அந்தத் துணி எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும்.

முதல் டப்புத் தண்ணீர் வெறும் கழுநீர், சோப்பு கிடையாது. மாடு வைத்திருக்கும் வீட்டுக் கழுநீர்த் தொட்டிக்குப் போகலாம். மிச்சக் கூழும் அப்படித்தான். ஆனால் பழக்கமில்லாத மாட்டுக்கு ஒரேயடியாக ஊற்றினால் வயிறு உப்பும். தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, நாலைந்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். கருவாட்டுக் குழம்பு பட்டது எதையும் மாட்டுக்கு வைக்காதீர்கள். அது மூடி போட்ட தனி வாளிக்குப் போகட்டும். திறந்து வைத்தால் தெருநாய்கள் ராத்திரி மொத்தப் பையையும் கிழித்து இழுத்துப் பரப்பும்.

கடைசியாக ஒன்று. விழாவுக்கு முதல் நாள் குழாய் வாயில் கோழி வலையை மடித்துக் கட்டிவிடுங்கள். அன்று ராத்திரியே அதில் சேர்ந்ததை வாரிவிட்டு வலையைக் கழற்றிவிட வேண்டும். கட்டியதை மறந்துவிட்டால் ஆடி மழை ஒன்று பெய்தாலும் தண்ணீர் வீட்டுக்குள் வரும். வலை கட்டியவர் யாரோ அவரே கழற்ற வேண்டும் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு (அம்மனின் தலை உருவம்) ஊர்வலமாக எங்கள் கடை வழியாகத்தான் வரும். உடைக்கும் தேங்காயில் தெரு வழுக்குகிறது, ஓடு காலில் குத்துகிறது. நேர்த்திக்கடனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?
– கடைக்காரர், குடியாத்தம்

சொல்ல வேண்டியதில்லை. உடைக்கும் இடத்தைச் சுருக்கினால் போதும். 3 அடி அகலச் சிமெண்ட் கிணற்று உறை ஒன்றை, சிரசு போகும் தடத்தை விட்டு ஓரமாக வையுங்கள். உள்ளே நாலு விரல் உயரத்துக்கு ஜல்லி, அதன்மேல் ஒரு கருங்கல் பலகை. கல்லில் அடித்தால்தான் தேங்காய் சிதறும். சிலர் மணலைக் கொட்டி வைக்கிறார்கள். மணலில் தேங்காய் உடையாது, உடனே பக்கத்துத் தார் ரோட்டில் ஓங்கி அடிப்பார்கள். உறையின் வெளிச்சுற்றில் மணல் போட்டால் கசியும் தேங்காய்த் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஓர் ஆள், இரண்டு கோணிப்பை. உறை பாதி நிறைந்ததுமே காலி செய்ய வேண்டும். விளிம்பு வரை நிறைந்தால் அடுத்த தேங்காய் பட்டுத் தெறித்து வெளியே விழும். சில்லு பொறுக்கக் குனியும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துவதும் அந்த ஆளின் வேலைதான்.

ஊர்வலம் போன பிறகு எல்லாரும் செய்யும் பிழை, முதலில் தண்ணீரைப் பீய்ச்சுவது. பட்டாசுக் காகிதம் நனைந்தால் சிவப்புச் சாயம் இறங்கித் தாரில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொன்றாக நகத்தால்தான் எடுக்க வேண்டும். ஓடுகளைக் கையுறையோடு பொறுக்கி எடுங்கள். பிறகு ஈரமான இடங்களில் மணலோ மரத்தூளோ தூவி, தென்னந்துடைப்பத்தால் ஒரு பக்கமாகக் கூட்டி அள்ளுங்கள். எல்லாம் அள்ளிய பிறகுதான் தண்ணீர். ஜிகினாத் துண்டுகள் சிதறும் காகித வெடியை மட்டும் தெருக்காரர்கள் கூடிப் பேசி நிறுத்திவிடுங்கள். அரை அங்குலத் துண்டுகளாக அது பறந்து விழுந்த பின் எந்தத் துடைப்பத்துக்கும் அடங்காது.

ஓடுகளைக் கவுண்டன்யா ஆற்றில் கொட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆறு வறண்டு கிடப்பதால் அது குப்பைமேடு ஆகிவிடாது. அடுத்த வெள்ளத்தில் அத்தனையும் பாலாற்றுக்குத்தான் போகும். கோடை மழையில் ஓட்டுக்குள் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். ஓடுகளை ஒரு வாரத்துக்குள் அகற்றுங்கள். அதுவரை கவிழ்த்து வையுங்கள். கரி சுடுகிறவர்கள் ஓட்டை வாங்கிக்கொள்வார்கள்.

ஊர்வலம் முடிந்ததும் தெருவின் இரு ஓரமும் வெள்ளைக் கோடு போடுகிறார்கள். அது கிருமியைக் கொல்லுமா?
– வாசகர், ஆம்பூர்

பெரும்பாலும் கண்ணுக்குத்தான். அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு. மிச்சம் இருக்கும் பிளீச்சிங் பவுடரும் குப்பை மேல் விழுந்தால் அந்தக் குப்பையோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும். குப்பையை அள்ளி, தரையைக் கழுவி, ஈரத்தின் மேல் தூவினால் வேலை செய்யும். பவுடர் மூட்டை திறந்து பல நாள் ஆகிவிட்டதா, மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையா, அது வெறும் சுண்ணாம்புதான். ஒன்று முக்கியம்: பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கழிவறை ஆசிட் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும்.

சித்ரா பௌர்ணமிப் புஷ்பப் பல்லக்கு முடிந்த மறுநாள் வேலூர்த் தெருக்களில் மலைமலையாகப் பூ. அதை உரமாக்க முயன்றோம். கொழகொழவென்று அழுகி நாறியதுதான் மிச்சம். என்ன தவறு?
– இளைஞர் குழு, வேலூர்

பூவை மட்டும் குவித்திருப்பீர்கள். பூவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். குவியல் தன் பாரத்தில் தானே அமுங்கி, காற்றுப் போக இடமில்லாமல், உள்ளே புளித்து நாறும். அதுவும் சித்திரை வெயிலில் காலையில் இறக்கிய பூ மத்தியானத்துக்குள் சாறு விட்டுவிடும்.

உரக்குழிக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பல்லக்கை ரோட்டில் நிறுத்திப் பிய்த்துப் போடாமல், ஒரே இடத்தில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் இறக்குங்கள். முதலில் தெர்மாகோல், மின்விளக்குச் சரம், ஜிகினாத் தாள். அடுத்தது கட்டுக்கம்பி, குண்டூசி. பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி, உதிர்ந்த பூவின் மேல் இரண்டு முறை இழுத்தால் ஊசிகள் ஒட்டிக்கொண்டு வரும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பல்லக்குப் பூவை முதலில் தேடி வருவது தெரு மாடு. மாடு மென்று பார்த்துத் துப்பாது, அப்படியே விழுங்கும். கம்பியும் ஊசியும் இரைப்பையின் இரண்டாம் அறையில் தங்கி, அதை ஒட்டியிருக்கும் இதயத்தைக் குத்தும். மாடு இளைத்துச் சாகும், காரணம் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது, நார். வாழைநாரில் கட்டிய மாலையை அப்படியே போடலாம், நாரும் மக்கும். நைலான் நூலில் கட்டியதை ஒரு முனையில் வெட்டி உருவ வேண்டும். உருவாமல் போட்டால் குவியலைக் கிளறும்போது மண்வெட்டியைச் சுற்றிக்கொள்ளும். அன்றோடு கிளறும் ஆர்வமே போய்விடும். அடுத்த வருடம் பூக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே வாழைநார்தான் என்று பேசிக்கொண்டால் இந்த வேலை பாதியாகும்.

இனி குவியல். மூன்று கூடை பூவுக்கு ஒரு கூடை காய்ந்த சருகோ தேங்காய் நார்க் கழிவோ. 100 கிலோ பூ என்றால் 10 கிலோ சாணியை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து அடுக்கடுக்காகத் தெளியுங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடியாவது இருக்க வேண்டும். சின்னதாக இருந்தால் உள்ளே சூடு ஏறாது, நீண்ட நாள் கிடக்கும். அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தென்னை மட்டைத் துண்டுகளைப் போட்டால் கீழிருந்து காற்றுப் போகும். ஐந்தாம் நாள் கிளறுங்கள், ஆவி பறக்கும். பிறகு வாரம் ஒரு முறை. ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு சேருங்கள். சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் தேயிலைத் தூள் மாதிரி உதிரும்.

எலுமிச்சை மாலையை முழுப் பழமாகப் போடாதீர்கள், தோல் மக்காமல் கிடக்கும். இரண்டாக நறுக்கிக் கொஞ்சமாகச் சேருங்கள். அம்மன் கோயில் பலிபீடத்தில் கொட்டும் உப்பும் மிளகும் இதற்குள் வரவே கூடாது, உப்பு மண்ணைக் கெடுக்கும். எண்ணெய்த் திரியும் கற்பூரமும் வேண்டாம். பூந்தோட்டத்தில் மருந்து நிறைய அடிக்கிறார்கள் என்பதால் இந்த உரத்தைக் கீரைப் பாத்திக்குப் போடாமல் தென்னை, வேம்பு, பூச்செடிகளுக்குப் போடுவதே எங்கள் விருப்பம்.

தீமிதித் திருவிழா முடிந்து மூன்று நாள் ஆகியும் எங்கள் ஊர்க் குப்பை வண்டி வரவில்லை. கேட்டால் ‘சொல்லவில்லையே’ என்கிறார்கள்.
– விழாக் குழு, அணைக்கட்டு வட்டம்

அந்தப் பதிலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியைப் பொது இடத்தில் நடத்தினால், மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைத் தரம் பிரித்து ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னன. சனிக்கிழமை விழாவுக்கு வெள்ளிக்கிழமை போனில் சொல்வதில் பலன் இல்லை. எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அதில் தேதி, எத்தனை பேர், எந்த மணிக்குக் குப்பை தயாராக இருக்கும், எத்தனை மூட்டை, எங்கே இருக்கும், யாருடைய கைப்பேசி எண் என்று எழுதுங்கள்.

வண்டி வந்தும் திரும்பிப் போவது இன்னொரு கதை. பந்தல் கால் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். வண்டி உள்ளே வர முடியாது, வந்தால் திருப்ப முடியாது. மூட்டைகளைப் பந்தலுக்கு வெளியே, வண்டி திரும்பும் முனையில் கொண்டுபோய் வையுங்கள். தீக்குழிச் சாம்பலை இரண்டு நாள் ஆறவிடாமல் மூட்டை கட்டாதீர்கள். மேலே ஆறினாலும் அடியில் கங்கு இருக்கும். குப்பை வண்டி தீப்பிடிக்க அது போதும்.

ஆரத்தி கொட்டிய இடம் சிவப்பாகவே நிற்கிறது. விளக்கு ஏற்றும் மண்டபத்தில் எண்ணெய் பிசுக்கு வேறு. ஆசிட் போடலாமா?
– கோயில் உழவாரக் குழு, ஆற்காடு

ஆசிட்டைத் தொடாதீர்கள். பழைய கோயிலில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது சுண்ணாம்புக் காரை. ஆசிட் அதைத்தான் முதலில் தின்னும். கல்லில் இருக்கும் இரும்பும் துருவேறி மஞ்சளாகப் பூக்கும், அந்தக் கறை போகவே போகாது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் போல நுணுக்க வேலை உள்ள தூண்கள் என்றால் கம்பி பிரஷ்கூடக் கூடாது.

ஆரத்தி ஏன் சிவக்கிறது? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால். அதையே திருப்பிச் செய்யுங்கள்: புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோ சிமெண்ட் தரையில் தெளித்தால் கண் முன்னாலேயே சிவப்பு போய் மஞ்சளாகும். உடனே தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். மிஞ்சும் மஞ்சளை வெயிலே இரண்டு மூன்று நாளில் வெளுக்க வைக்கும். கடைக் குங்குமத்தில் சேர்க்கும் சாயம் இதற்கு மசியாது. அது ஈரமாகும் முன் பெருக்கி எடுப்பது ஒன்றே வழி.

எண்ணெய்க்கும் முதலில் தண்ணீர் ஆகாது, பரவும். உமிச் சாம்பலோ பச்சரிசி மாவோ தாராளமாகத் தூவி ஒரு ராத்திரி விடுங்கள். எண்ணெயை உறிஞ்சிக் கட்டியாகும். மரத் தகட்டால் சுரண்டி அள்ளுங்கள். அதன் பிறகு ஒரு வாளி வெந்நீருக்கு 50 கிராம் சலவைச் சோடா கலந்து தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள். சோடா தங்கினால் கல்லில் உப்புப் பூக்கும். அள்ளிய சாம்பல் எண்ணெய் குடித்தது, அடுப்பெரிக்க ஆகும். விளக்கு மேடையில் இரண்டு அங்குலம் மணல் பரப்பிய தகரத் தட்டு வைத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் வேண்டியிருக்காது. மணலை மட்டும் மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

ஆயுத பூசையன்று ரோட்டில் உடைக்கும் பூசணிக்காய்க்கு வழி உண்டா?
– வாசகர், ராணிப்பேட்டை

உண்டு. கடை வாசலில் ஒரு கோணிச் சாக்கை விரித்து அதன்மேல் உடையுங்கள். சாக்கோடு சுருட்டி எடுத்துவிடலாம். திருஷ்டி சாக்கில் உடைத்தாலும் கழியும். ரோட்டில் உடைத்த சதையும் விதையும் இருசக்கர வண்டிக்குச் சோப்புக்குச் சமம். உள்ளே காசு போட்டால், அதைப் பொறுக்க ஓடிவரும் பிள்ளை வண்டிக்கு நடுவே வரும். வாசலில் கட்டிய வாழை மரத்தை மறுநாளே இறக்கி ஒரு சாண் துண்டுகளாக நறுக்கினால் மாட்டுத் தீவனம். ஒரு வாரம் விட்டால் தொட முடியாத அழுகல்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திருவண்ணாமலை போய் 500 பேருக்குத் தயிர்ச்சாதம் கொடுக்கிறோம். எங்கள் பந்தல் பக்கம் குப்பைத் தொட்டி வைத்தும் தட்டுகள் பாதையில்தான் கிடக்கின்றன.
– அன்னதானக் குழு, கண்ணமங்கலம்

தொட்டியை வைத்த இடம் தப்பு. கிரிவலம் வருகிறவர் வாங்கிய இடத்தில் நின்று சாப்பிடுவதில்லை. 14 கிலோமீட்டர் நடக்க வேண்டிய அவசரத்தில் நடந்துகொண்டே சாப்பிடுகிறார். தட்டு காலியாகும்போது அவர் உங்கள் பந்தலைத் தாண்டி 100, 200 மீட்டர் போயிருப்பார். அங்கே ஓர் ஆள் கையில் கோணிப்பையோடு நிற்க வேண்டும், இன்னும் 100 மீட்டர் தள்ளி இன்னொருவர். தொட்டியைவிட ஆள் நிற்பது நல்லது. ஆளைப் பார்த்தால் கை தானாக நீளும். 500 தட்டுக்கு நாலைந்து அரிசிச் சாக்கு நிறையும். அதை உங்கள் வண்டியிலேயே ஏற்றி வந்துவிடுங்கள்.

மந்தாரை இலைத் தட்டோ தொன்னையோ போதும், தயிர்ச்சாதத்துக்கு ஸ்பூன் வேண்டாம். அச்சடித்த செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டாதீர்கள், மை உணவில் ஏறும். தண்ணீர்ப் பாக்கெட்டும் தடையில் உள்ளதுதான். 20 லிட்டர் கேன் ஒன்று 200 மில்லி டம்ளரில் 100 பேருக்கு வரும். 500 பேருக்கு ஐந்து கேன், கைவசம் கூடுதலாக ஒன்று சேர்த்து ஆறு கேன். மாவட்ட நிர்வாகம் குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும் பந்தல் போடுங்கள்.

சோளிங்கர் மலையில் கார்த்திகை ஞாயிறுகளில் குரங்குகள் தொட்டியைக் கவிழ்க்கின்றன. மூடி போட்டும் பயனில்லை.
– வாசகி, வாலாஜாபேட்டை

தூக்கித் திறக்கும் மூடியைக் குரங்கு ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். தொட்டியைத் தூணோடு சங்கிலியால் கட்டி, மூடியில் சுழற்றிப் பூட்டும் கொக்கி வையுங்கள். இன்னும் நல்லது, பிரசாதத்தைக் கேரிபேக்கில் போடாமல் தூக்கில் கொண்டுபோவது. குரங்குக்குப் பையின் சரசரப்பு கேட்டாலே போதும், பிடுங்கிவிடும். பிடுங்கிய பை மலைச் சரிவில் யாரும் எட்ட முடியாத இடத்தில்தான் விழும்.

பிள்ளையாரை ஊர்ப் பொதுக் கிணற்றில் கரைக்கலாமா? களிமண் தானே?
– வாசகர், கே.வி.குப்பம்

வேண்டாம். களிமண்ணாகவே இருந்தாலும் கிணற்று ஊற்றுக்கண்ணை அடைக்கும். உள்ளே திணித்த வைக்கோல் அழுகும்போது தண்ணீரில் உள்ள உயிர்க்காற்றைத் தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும், தண்ணீர் கறுக்கும். வீட்டுப் பிள்ளையார் என்றால் எருக்கம்பூ மாலை, குடை, துணி எல்லாம் எடுத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் உட்கார வையுங்கள். சாயம் பூசாத களிமண் மறுநாள் காலைக்குள் கரைந்திருக்கும். அந்தச் சேற்றைச் செடிக்கு ஊற்றலாம். கரையாமல் முழுசாக உட்கார்ந்திருந்தால் அது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கடைக்காரர் உங்களை ஏமாற்றிவிட்டார். பெரிய சிலைகளுக்கு மாவட்ட நிர்வாகம் ஒதுக்கும் நீர்நிலைக்கே போங்கள். வேலூர்க்காரர்களுக்குச் சதுப்பேரி தெரிந்ததுதான். அங்கும் மாலையையும் துணியையும் கரையிலேயே கழற்றி வைக்க வேண்டும்.

விழா முடிந்ததும் தூய்மைப் பணியாளர்களுக்கு ஆளுக்கு 500 ரூபாயும் வேட்டி சேலையும் கொடுக்கிறோம். வேறென்ன செய்யலாம்?
– விழாக் குழு, பேரணாம்பட்டு

கொடுப்பது நல்லது, தொடருங்கள். ஆனால் அவர்கள் கையைக் கிழிப்பது எது தெரியுமா? மூட்டைக்குள் இருக்கும் உடைந்த டியூப்லைட்டும் பாட்டிலும். கண்ணாடியைத் தனியாக ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணாடி’ என்று எழுதி ஒட்டுங்கள். குழந்தைகளின் டயப்பரையும் நாப்கினையும் காகிதத்தில் சுற்றித் தனிப் பையில் வையுங்கள். மூட்டையை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். 25 கிலோவுக்கு மேல் போனால் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். தடித்த ரப்பர் கையுறை, நீளப்பிடித் தகர முறம், இடுக்கி ஆகியவற்றை விழாக் கணக்கிலேயே வாங்கி வையுங்கள்.

சாக்கடை அடைத்துக்கொண்டது என்று அவர்களை உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். தக்க பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பணம் கொடுத்து இறக்கினாலும் குற்றம்தான்.

சாமி இறங்கி, வாணவேடிக்கை முடிந்து, ராத்திரி ஒரு மணிக்குத்தான் அவர்கள் வேலை தொடங்குகிறது. அந்த நேரத்துக்கு அன்னதான அண்டா காலியாகியிருக்கும். இருபது பேர் வருவார்கள் என்றால் இருபது இலைக்குச் சாதத்தை முன்கூட்டியே தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வையுங்கள்.